16 கட்டத்துக்குள் ஃபங்க்: உங்கள் முதல் எலக்ட்ரோ டிராக்கைக் கட்டுவது எப்படி?

எலக்ட்ரோ ஃபங்க், அதாவது டிரம் மெஷினையும் சிந்தசைசரையும் வைத்துச் செய்த ஃபங்க் நடன இசை என்றால் எனக்குப் பைத்தியம். எந்த நிகழ்ச்சிக்குப் பாட்டுப் போடப் போனாலும் 1981க்கும் 1985க்கும் இடையில் வந்த அமெரிக்க ரெக்கார்டுகள் நாலைந்தாவது என் பட்டியலில் இருக்கும். போட்ட கொஞ்ச நேரத்தில் யாராவது கிட்டே வந்து, "இது பழசா, புதுசா?" என்று கேட்பார்கள். பழசுதான், நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் இன்று கிளப்பில் ஓடும் டெக்னோ, ஹிப்-ஹாப், மயாமி பேஸ் எதை எடுத்தாலும் இதன் வாடை அடிக்கும். அதனால் அந்தக் கேள்வியைத் தவறு என்று சொல்ல முடியாது.

இந்தப் பதிவில் அந்த வகை டிராக் ஒன்றை வெறும் கட்டங்களிலிருந்து தொடங்கிக் கட்டப் போகிறோம். இசை படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒவ்வொரு அடுக்கையும் வைக்கும்போது அது எந்த ஊரிலிருந்து, யார் கையிலிருந்து வந்தது என்பதையும் சொல்லிக்கொண்டே போவேன். அது தெரியாமல் செய்தால் கௌபெல் (மாட்டு மணி போன்ற தாளக் கருவி) தட்டும் ஒரு டெமோ கிடைக்கும், அவ்வளவுதான்.

தேவையானவை

ஒரு கணினி, ஒரு ஹெட்போன். மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். எல்எம்எம்எஸ் முழுக்க இலவசம். ஆப்பிள் கருவி வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் உண்டு. பேண்ட்லேப் பிரவுசரிலும் போனிலும் ஓடும். எஃப்எல் ஸ்டுடியோவின் இலவசச் சோதனைப் பதிப்பையும் பயன்படுத்தலாம். சேமித்த வேலையை அதில் மறுபடி திறக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், ஒரே மூச்சில் முடிக்க வேண்டியிருக்கும். இவற்றோடு ஒரு டிஆர்-808 சாம்பிள் தொகுப்பு, அதாவது 808 என்ற பழைய டிரம் மெஷினின் ஒலிகளைப் பதிவு செய்த கோப்புகள் வேண்டும். இணையத்தில் இலவசமாகவே நிறையக் கிடைக்கிறது.

போன் ஸ்பீக்கரில் மட்டும் வேலை செய்யாதீர்கள். இந்த இசையில் பாதி, போன் ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாத தாழ்ந்த ஒலிகளில்தான் இருக்கிறது.

படி 1: முதலில் காது

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஐந்து பாடல்களைக் கேளுங்கள். பின்னணியில் ஓடவிடாமல், ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கேளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயத்தைக் கவனித்தால் போதும்.

ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் நகரத்து கிராஃப்ட்வெர்க் குழுவின் 'நம்பர்ஸ்' (1981): இதில் டிரம் எங்கே விழுகிறது, எங்கே விழாமல் போகிறது என்று பாருங்கள். பார்லமென்ட் குழுவின் 'ஃப்ளாஷ் லைட்', 1977இல் வெளிவந்த ஆல்பத்தில் இருக்கிறது. அதில் பேஸ் கிட்டாருக்குப் பதிலாக பெர்னி வொரெல் மினிமூக் சிந்தசைசரில் வாசித்த பேஸ் வழுக்கிக்கொண்டு போவதைக் கேளுங்கள். ஓஹாயோவிலிருந்து வந்த ஸாப் குழுவின் 'மோர் பவுன்ஸ் டு தி அவுன்ஸ்' (1980): குரலை விடக் கைதட்டலைக் கவனியுங்கள். அது எவ்வளவு தடிமனாக இருக்கிறது!

அடுத்தது 'பிளானட் ராக்' (1982). ஆஃப்ரிக்கா பம்பாட்டாவும் சோல்சானிக் ஃபோர்ஸ் குழுவும் டாமி பாய் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தது, தயாரித்தவர் ஆர்தர் பேக்கர். கிராஃப்ட்வெர்க்கின் 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' மெட்டையும் 'நம்பர்ஸ்' தாளத்தின் யோசனையையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த மெட்டை ரெக்கார்டிலிருந்து வெட்டி ஒட்டவில்லை, ஜான் ரோபி கீபோர்டில் வாசித்தார். பிராங்க்ஸில் தெருவிழாக்களுக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த டிஜேயான பம்பாட்டா, ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்குப் பக்கத்தில் ஜெர்மானிய மெஷின் இசையையும் வைத்துப் பழகியிருந்ததால்தான் இந்தப் பாட்டு பிறந்தது. இந்த வகை இசையே டிஜேக்களின் ரசனையிலிருந்து வந்தது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

ஐந்தாவது, டெட்ராய்ட்டின் சைபோட்ரான் வெளியிட்ட 'கிளியர்' (1983). ஹுவான் ஆட்கின்ஸும் ரிக் டேவிஸும் சேர்ந்து செய்தது. இதைக் கேட்டுவிட்டு டெக்னோவின் கதை எங்கே தொடங்குகிறது என்று யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்த ஊரில் 'எலக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற வானொலி டிஜே பார்லமென்ட், பிரின்ஸ், கிராஃப்ட்வெர்க் மூன்றையும் ஒரே இரவில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். ஆட்கின்ஸ் தலைமுறை அதைக் கேட்டு வளர்ந்தது.

படி 2: டெம்போவும் கட்டமும்

மென்பொருளில் டெம்போவை 120 பிபிஎம் (நிமிஷத்துக்கு 120 அடி) என்று வையுங்கள். எண்பதுகளின் தொடக்கத்து எலக்ட்ரோ ரெக்கார்டுகள் பெரும்பாலும் 110க்கும் 130க்கும் நடுவில் ஓடும். 'பிளானட் ராக்' 127 பக்கம் வரும். நாம் 120ஐ எடுப்பதற்குக் காரணம் கணக்கு சுலபம்: ஒரு சுற்று சரியாக 2 விநாடி. (மென்பொருளில் இதை 'பார்' என்பார்கள். நான் சுற்று என்றே சொல்கிறேன்.)

ஒரு சுற்றில் நான்கு அடி. ஒவ்வோர் அடியும் நான்கு கட்டம். ஆக 16 கட்டம், ஒவ்வொன்றும் 125 மில்லி விநாடி. இந்தப் பதினாறு என்ற கணக்கு ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் முகப்பிலேயே இருக்கிறது. கீழ் வரிசையில் 16 பட்டன்கள், நான்கு நான்காக சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. எந்தப் பட்டனை அழுத்துகிறீர்களோ அந்தக் கட்டத்தில் ஒலி விழும். எஃப்எல் ஸ்டுடியோவின் ஸ்டெப் சீக்வென்சர் அதே ஏற்பாட்டைத்தான் திரையில் காட்டுகிறது.

'ஸ்விங்' (சில கட்டங்களைச் சற்றுத் தாமதமாக விழ வைப்பது) என்று ஒரு திருகு இருந்தால் பூஜ்ஜியத்தில் விடுங்கள். 808இல் அந்த வசதியே கிடையாது.

படி 3: கிக்கும் ஸ்நேரும்

இந்தப் பதிவில் வேறு எதைத் தாண்டினாலும் இதைத் தாண்டாதீர்கள்.

டிஸ்கோவிலும் ஹவுஸிலும் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் தாழ்ந்த ஒலி) 1, 5, 9, 13 என்று ஒவ்வோர் அடியிலும் விழும். தும், தும், தும், தும். எலக்ட்ரோவில் அப்படி இல்லை. ஸ்நேரை (குச்சியால் அடிக்கும் டிரம்மின் கூர்மையான ஒலி) 5இலும் 13இலும் வையுங்கள். கிக்கை 1, 7, 11 ஆகிய கட்டங்களில் வையுங்கள். ஓடவிட்டுக் கேளுங்கள்.

1 ஓர் அடியின் தலையில் நிற்கிறது. 7 இரண்டாம் அடியின் நடுவில். 11 மூன்றாம் அடியின் நடுவில். ஆனால் மூன்றாம் அடியின் தலை, அதாவது 9ஆம் கட்டம், காலி. உங்கள் கால் அங்கே தானாகவே தட்டும், ஒலி மட்டும் வராது. அந்த ஏமாற்றம்தான் உடம்பை அசைக்கிறது. மெஷின் ஒரு மயிரிழை கூட முன்பின் நகராது, மனிதக் கையின் தளர்வு அதில் கிடையாது. அப்படியிருக்க ஃபங்க் எங்கிருந்து வருகிறது என்றால், எந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறீர்கள் என்பதிலிருந்துதான் வருகிறது. இதற்கு ஒரு சோதனை: 9இல் ஒரு கிக் சேர்த்துப் பாருங்கள். பீட் நொண்டாது, சரியாகத்தான் ஓடும். ஆனால் தட்டையாகிவிடும். எடுத்துவிடுங்கள்.

இப்போது இதை இரண்டு சுற்றாக நீட்டுங்கள். முதல் சுற்று அப்படியே. இரண்டாவதில் 1, 7, 11 உடன் 15இலும் ஒரு கிக். கடைசியில் வரும் அந்த ஒன்று, அடுத்த சுற்றின் 1ஐ நோக்கித் தள்ளிவிடும்.

ஜேம்ஸ் பிரவுனிடம் வாசித்துவிட்டு பார்லமென்ட்-ஃபங்கடெலிக் கூட்டத்துக்குப் போன பேஸ் கலைஞர் பூட்ஸி காலின்ஸ் எந்தப் பேட்டியிலும் விடாமல் பேசுவது 'தி ஒன்' பற்றித்தான். சுற்றின் முதல் அடியில் எல்லோரும் சேர்ந்து இறங்கு, மிச்ச இடத்தில் எப்படி வேண்டுமானாலும் விளையாடு. கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது புதிதில்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் எங்கெங்கோ சுற்றிவிட்டு சமத்தில் வந்து இறங்கும்போது சபை தலையாட்டுமே, அதே சங்கதிதான். அதனால் 1ஆம் கட்டத்துக் கிக்கின் ஒலியளவை மட்டும் மற்றவற்றை விடச் சற்றுக் கூட்டுங்கள். 808இல் இதற்கென்றே 'ஆக்சன்ட்' என்று தனி வரிசை உண்டு.

படி 4: அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம்

ரோலண்ட் இதை 1980இல் வெளியிட்டது, 1983இல் நிறுத்திவிட்டது. மொத்தம் ஏறத்தாழ 12,000 மெஷின்கள் செய்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் லின் எல்எம்-1 நிஜ டிரம்மின் பதிவுகளை வைத்து ஒலித்தது, விலை ஐயாயிரம் டாலருக்குப் பக்கம். 808 ஏறத்தாழ 1,200 டாலர்தான், ஆனால் அதில் பதிவு எதுவும் கிடையாது. எல்லா ஒலியும் மின்சுற்றில் பிறந்தவை. அந்தக் காலத்துப் பெரிய ஸ்டுடியோக்காரர்கள் பலர் இதைப் பொம்மை மாதிரித்தான் பார்த்தார்கள். நிஜ டிரம் மாதிரி ஒலிக்கவில்லையே என்றார்கள். நியூயார்க், டெட்ராய்ட், லாஸ் ஏஞ்சல்ஸ் இளைஞர்களுக்கு அதே காரணத்துக்காகப் பிடித்துப்போனது.

இந்தியாவிலும் ஓர் ஆள் இதைத் தொட்டிருக்கிறார். மும்பை சினிமா ஸ்டுடியோக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982இல் ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து ஓர் ஆல்பம் பதிவு செய்தார். அவர் பயன்படுத்திய 808, டிபி-303, ஜூபிட்டர்-8 மூன்றுமே ரோலண்ட் கருவிகள். அவர் கிக்கை நான்கு அடியிலும் வைத்தார், அதனால் அது எலக்ட்ரோ அல்ல. ஆனாலும் தேடிக் கேளுங்கள்.

நம் டிராக்குக்குத் திரும்புவோம். 808 கிக் சாம்பிளில் 'டிகே' (ஒலி அடங்க எடுக்கும் நேரம்) நீளத்தைக் கூட்டினால் தும் என்பது தூஊம் என்று இழுக்கும். மிக நீளமாக இழுக்கும் 808 பின்னால் வந்த மயாமி பேஸுக்கும் டிராப் வகை ஹிப்-ஹாப்புக்கும் பொருந்தும். நமக்கு நடுத்தரம் போதும், அடுத்த கிக் வருவதற்குள் அடங்க வேண்டும். சுருதியை 55 ஹெர்ட்ஸுக்கு, அதாவது தாழ்ந்த 'ஏ' ஸ்வரத்துக்குப் பொருத்துங்கள். ஏன் என்பது பேஸ் வைக்கும்போது புரியும்.

ஸ்நேரின் மேலேயே அதே 5, 13 கட்டங்களில் கைதட்டலையும் வையுங்கள். ஸாப் பாட்டில் கேட்ட தடிமன் நினைவிருக்கிறதா? கைதட்டலை ஸ்நேரை விட உரக்க வைக்கத் தயங்காதீர்கள்.

படி 5: ஹை-ஹாட்

ஹை-ஹாட் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு சிம்பல். மூடிய ஹை-ஹாட்டை 16 கட்டத்திலும் போடுங்கள். பிறகு 2, 4, 6 என்று இரட்டைக் கட்டங்களின் அளவைப் பாதியாகக் குறையுங்கள். 15இல் மூடியதை எடுத்துவிட்டு, திறந்த ஹை-ஹாட் ஒன்றை வையுங்கள். 16இல் வரும் மூடிய ஹாட் அதைச் சட்டென்று அடக்க வேண்டும். பெரும்பாலான மென்பொருளில் 'கட் குரூப்' அல்லது 'சோக்' என்ற அமைப்பில் இரண்டையும் ஒரே எண்ணில் போட்டால் இது நடக்கும்.

படி 6: கௌபெல்

808 கௌபெல்லைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். 540, 800 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும் இரண்டு சதுர அலைகளைச் சேர்த்துச் செய்த ஒலி அது, எந்த மாட்டுக் கழுத்து மணியும் அப்படி ஒலிக்காது. எனக்கோ இந்த இசையின் முகமே அதுதான்.

நியூயார்க்கில், அதுவும் பிராங்க்ஸில், புவேர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் ஏராளம். சால்ஸா அங்கே ஜன்னல்தோறும் கேட்ட இசை, அதில் கௌபெல்லுக்குப் பெரிய இடம் உண்டு. சால்ஸாவின் எலும்பு 'கிளாவே' என்ற தாளக்கட்டு. அதன் பிரபலமான வடிவம் ஒன்றை நம் கட்டத்தில் எழுதினால் 1, 4, 7, 11, 13. இப்போது படி 3ஐத் திரும்பிப் பாருங்கள். நம் கிக் 1, 7, 11. கடைசி ஸ்நேர் 13. கிளாவேயின் ஐந்தில் நான்கு ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

அதனால் கௌபெல்லையும் அதே கிளாவேயில் வைத்தால் 4ஆம் கட்டம் தவிர மற்றதெல்லாம் கிக்குக்கும் ஸ்நேருக்கும் பின்னால் மறைந்துபோகும். ஒருமுறை வைத்துக் கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள். பிறகு 4, 8, 10, 15 என்று வையுங்கள். இந்த நான்கிலும் கிக்கோ ஸ்நேரோ இல்லை (இரண்டாம் சுற்றின் 15ஆவது கிக் தவிர, அங்கே இரண்டும் மோதுவது எனக்குப் பிடிக்கும்). ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் வரும்படி வைத்தால் இன்னும் நல்லது. நிமிஷக்கணக்கில் நிற்காமல் தட்டும் கௌபெல் யாருக்கும் ஆகாது.

படி 7: பேஸ்

எலக்ட்ரோவை 'ஃபங்க்' ஆக்குவது இந்த அடுக்கு. இது இல்லாமல் விட்டால் ரோபோ நடக்கும், ஆனால் இடுப்பு அசையாது.

சிந்தசைசர் ஒன்றைத் திறங்கள், இலவசமான எதுவாக இருந்தாலும் சரி. இரண்டு ஆசிலேட்டர் (ஒலி அலையை உண்டாக்கும் பகுதி), இரண்டிலும் 'சா' அலை (ரம்பப் பல் மாதிரி வரைந்திருக்கும்). இரண்டாவதன் சுருதியை ஆறேழு சென்ட் (சுருதியின் மிகச் சிறிய அளவு) மட்டும் விலக்குங்கள். மேல் ஒலிகளை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டரைப் பாதிக்கும் கீழே மூடுங்கள், 24 டெசிபெல் வகை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மினிமூக்கின் ஃபில்டர் அந்த வகைதான். ஃபில்டர் திறந்து மூடும் விதத்தைத் தீர்மானிக்கும் என்வலப்பில் அட்டாக் பூஜ்ஜியம், டிகே 200 மில்லி விநாடி அளவு, சஸ்டெய்ன் குறைவு. ஒவ்வொரு ஸ்வரமும் 'வௌ' என்று வாய் திறந்து மூட வேண்டும். கடைசியாக 'கிளைட்' 40 மில்லி விநாடி: ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான்.

ஸ்வரங்களுக்கு ஐந்து போதும்: ஏ, சி, டி, ஈ, ஜி. மேற்கத்தியர் மைனர் பென்டடானிக் என்பார்கள். ஏ-வை ஸ என்று வைத்துக்கொண்டால் ஸ க ம ப நி, நம் சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். உங்களுக்கு அந்த ராகம் பழக்கமென்றால் பியானோ ரோலைப் (மென்பொருளில் ஸ்வரங்களை வைக்கும் கட்டம்) பார்க்காமலே பேஸ் முணுமுணுக்கலாம். கமகத்தை மட்டும் கிளைட் பார்த்துக்கொள்ளட்டும்.

தொடக்கத்துக்கு இதைப் போடுங்கள். 1இல் ஸ, இரண்டு கட்டம் நீளம். 4இல் மேல் ஸ, வெட்டியது போலக் குறுகலாக. 6இல் கீழ் நி, 7இல் ஸ. 11இல் க, 12இல் ம. 15இல் கீழ் நி. மிச்சம் காலி. ஸ்நேர் விழும் 5இலும் 13இலும் பேஸ் இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே நீங்கள் ஒதுங்கிக்கொண்டால் கைதட்டல் இரு மடங்கு பெரிதாகக் கேட்கும். இரண்டாம் சுற்றில் 11, 12, 14 ஆகியவற்றில் ப ம க என்று இறங்கி வாருங்கள்.

கீழ் ஸ-வை 110 ஹெர்ட்ஸ் 'ஏ'யில் வையுங்கள், அதற்கும் கீழே போக ஆசைப்பட வேண்டாம். 55இல் கிக் உட்கார்ந்திருக்கிறது. சரியாக ஓர் ஆக்டேவ் மேலே பேஸ். இரண்டும் ஒரே சுருதியில், வேறு வேறு மாடியில். 6, 15ஆம் கட்டங்களில் வரும் நி மட்டும் 98 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், பாதகமில்லை.

படி 8: மேலே என்ன?

இரண்டே விஷயம். ஒன்று, குளிர்ந்த ஸ்ட்ரிங்ஸ் ஒலியில் ஏ மைனர் கார்டு (ஏ, சி, ஈ), நான்கு சுற்றுக்கு நீளமாக. கிராஃப்ட்வெர்க்கிடமிருந்து வந்த சொத்து இது. கீழே எல்லாம் துள்ளும்போது மேலே ஒன்று அசையாமல் நிற்க வேண்டும்.

இன்னொன்று ஆர்கெஸ்ட்ரா ஹிட். மொத்த வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் 'ஜாங்' என்று விழும் அந்த ஒலி. 'பிளானட் ராக்'கில் அது ஆஸ்திரேலியாவில் செய்த ஃபேர்லைட் சிஎம்ஐ என்ற கணினி-சிந்தசைசரிலிருந்து வந்தது. அந்தச் சாம்பிளின் மூலம் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' பாலே இசை. ரஷ்யப் பாலே ஆஸ்திரேலியக் கணினி வழியாக பிராங்க்ஸுக்கு வந்த கதை என்று இதை நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. எட்டு சுற்றுக்கு ஒருமுறை, 1ஆம் கட்டத்தில் மட்டும். ஊறுகாய் அளவு.

படி 9: ரோபோக் குரல்

வோகோடர், டாக் பாக்ஸ் இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். வேறு வேறு. டாக் பாக்ஸில் சிந்தசைசரின் ஒலி ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வாசிப்பவரின் வாய்க்குள் வரும். அவர் குரல் எழுப்பாமல் வாயை மட்டும் அசைத்து அந்த ஒலியைச் சொற்களாக வடிப்பார், முன்னால் உள்ள மைக் அதைப் பிடிக்கும். ஸாப் குழுவின் ரோஜர் ட்ரவுட்மன் இதில் மன்னன். வோகோடரில் குழாய் கிடையாது. உங்கள் குரலைப் பல அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கத்தையும் சிந்தசைசர் ஒலி மேல் பதிப்பது அது. கிராஃப்ட்வெர்க்கின் ரோபோக் குரல்களில் கேட்பது இதைத்தான்.

நமக்கு வோகோடர் சுலபம். டால்-வோகோடர் இலவசம். 'கேரியர்' என்ற இடத்தில் சா அலையில் ஒரு கார்டு, 'மாடுலேட்டர்' என்ற இடத்தில் போனில் பதிவு செய்த உங்கள் குரல். பாட வேண்டாம். ஒரே தொனியில், கொஞ்சம் அழுத்தமாகப் பேசுங்கள். வோகோடருக்கு மெய்யெழுத்துகள்தான் தீனி. மெல்லினச் சொற்கள் கொழகொழவென்று போய்விடும். வல்லினம் இரட்டித்து வரும் சொற்களாக எடுங்கள்: எட்டு, பத்து, தட்டு, சுற்று. என்னைக் கேட்டால் தமிழ் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'பார்ட்டி, ராக்' என்று முழங்குவதை விட்டுவிட்டு இதை முயன்று பாருங்கள்.

படி 10: எக்கோவும் வெட்டும்

ஜமைக்கா டப் இசையின் எக்கோ நியூயார்க் ஸ்டுடியோக்களுக்குள் அப்போது நன்றாகவே புகுந்திருந்தது. 12 இன்ச் ரெக்கார்டின் மறுபக்கத்தில் 'டப்' அல்லது பாட்டில்லாத இசை வடிவம் வைப்பது வழக்கமாகிவிட்டது. டிஜேக்களுக்கு அந்தப் பக்கம்தான் தங்கச் சுரங்கம்.

எக்கோ தரும் டிலேயை மூன்று கட்ட நீளத்துக்கு, அதாவது 375 மில்லி விநாடிக்கு, வையுங்கள். மென்பொருளில் 'டாட்டட் எய்த்' என்று இருக்கும். இதை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். எட்டாவது சுற்றின் கடைசிக் கைதட்டலுக்கு மட்டும், அல்லது குரலின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் திறந்து மூடுங்கள். கிக்குக்கும் பேஸுக்கும் எக்கோ கிடையவே கிடையாது.

அடுத்து வெட்டு. அந்தக் காலத்தில் காந்த நாடாவை பிளேடால் நறுக்கி ஒட்டி 'த-த-த-த-தட்டு' என்று திக்க வைப்பார்கள். நியூயார்க்கில் லத்தீன் ராஸ்கல்ஸ் என்ற இரட்டையர் இதில் பேர் போனவர்கள். மணிக்கணக்கான பிளேடு வேலை இப்போது நாலு கிளிக். 16ஆவது சுற்றின் கடைசி அடியை எடுத்து, அதன் முதல் கட்டத்தை மட்டும் நறுக்கி, நான்கு முறை அடுத்தடுத்து ஒட்டுங்கள். டிராக் முழுக்க இரண்டு இடத்தில் போதும்.

படி 11: வரிசைப்படுத்துதல்

இதுவரை செய்தது இரண்டு சுற்றுச் சமாச்சாரம். அதை ஐந்து நிமிஷமாக நீட்ட வேண்டும், 150 சுற்று. புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், இருப்பதை ஏற்றி இறக்கினால் போதும்.

முதல் 16 சுற்று டிரம் மட்டும். இது அலங்காரத்துக்கு அல்ல. இன்னொரு டிஜே உங்கள் டிராக்கைக் கலக்க அந்த 32 விநாடி வேண்டும். அடுத்த 16இல் பேஸ் வரட்டும். பிறகு ஸ்ட்ரிங்ஸ், பிறகு குரல். நடுவில் ஓரிடத்தில் பேஸையும் ஸ்ட்ரிங்ஸையும் தூக்கிவிட்டு, கிக், கைதட்டல், கௌபெல், எக்கோ மட்டும் 16 சுற்று ஓடட்டும். பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் 1973 முதல் நடத்திய பார்ட்டிகளில், பாட்டின் இந்த மாதிரி டிரம் பகுதிகள் வரும்போதுதான் ஆடுகிறவர்கள் களத்தில் இறங்குவார்கள் என்று பார்த்து அதையே திரும்பத் திரும்பப் போட்டார். அதற்குப் பிறகு வந்த எல்லா 'பிரேக்'குகளும் அந்தப் பழக்கத்தின் பிள்ளைகள். பிரேக் முடிந்து பேஸ் 1ஆம் கட்டத்தில் திரும்பி வரும்போது ஆர்கெஸ்ட்ரா ஹிட் ஒன்றைச் சேருங்கள். முடிவில் மறுபடி 16 சுற்று டிரம் மட்டும்.

படி 12: மிக்ஸ் செய்து பாருங்கள்

மாஸ்டரில் (எல்லா ஒலியும் சேர்ந்து வெளிவரும் இடம்) உச்ச அளவு -6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். மிக்ஸ்எக்ஸ் என்ற இலவச டிஜே மென்பொருளில் ஒரு பக்கம் உங்கள் டிராக், மறுபக்கம் படி 1இல் கேட்டவற்றில் ஒன்று.

டர்ன்டேபிள்களில் பெயர்பெற்ற டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2வின் வேகத்தை 8 சதவீதம் ஏற்றலாம், இறக்கலாம். உங்கள் 120 அதில் ஏறத்தாழ 110 முதல் 130 வரை போகும். எலக்ட்ரோவின் மொத்த எல்லையும் அதற்குள் அடங்கிவிடும். மென்பொருளிலும் அந்த எல்லைக்குள்ளேயே இருங்கள்.

ஹவுஸ் இசை கலந்து பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள், ஏனென்றால் அவர்கள் கிக்கோடு கிக்கைப் பொருத்திப் பழகியவர்கள். இங்கே இரண்டு ரெக்கார்டின் கிக்கும் வேறு வேறு கட்டத்தில் இருக்கும், பொருத்தவே முடியாது. கைதட்டலோடு கைதட்டலைப் பொருத்துங்கள். 5உம் 13உம் கிட்டத்தட்ட எல்லா எலக்ட்ரோ ரெக்கார்டிலும் ஒரே இடம்தான். இரண்டு பேஸும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. ஒன்றின் 'லோ' (தாழ்ந்த ஒலி) திருகை முழுக்க இறக்கிவிட்டு, சுற்றின் தலையில் சட்டென்று மாற்றுங்கள்.

இதை எப்படி ஒரு முழு இரவாகக் கோர்ப்பது என்று தெரிய வேண்டுமானால் பிரிட்டிஷ் டிஜே கிரெக் வில்சனைத் தேடுங்கள். 1982இல் விகன் பியர், மான்செஸ்டரின் லெஜண்ட் ஆகிய கிளப்புகளில் இந்த நியூயார்க் ரெக்கார்டுகளை இறக்குமதியாக வரவழைத்துப் போட்டார். ஜாஸ்-ஃபங்க் ரசிகர்களில் ஒரு சாரார் இதெல்லாம் இசையா என்று கொதித்தார்கள். ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1983இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நேரலையாக மிக்ஸ் செய்து காட்டினார். பிற்காலத்தில் ரீல் டேப் மெஷினையே மேடையில் வைத்து எக்கோ போட்ட ஆள் அவர். அவருடைய செட்டுகளில் ஒன்றை எடுத்து, டிஸ்கோவிலிருந்து எலக்ட்ரோவுக்கு எந்தப் பாட்டு வழியாகத் தாண்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடத்தில் உங்கள் டிராக்கை நுழைத்துப் பாருங்கள். பேஸ் மெலிந்து தெரிந்தால் படி 7க்குப் போய் ஃபில்டரைச் சற்றுத் திறங்கள். கைதட்டல் பின்னால் போய்விட்டதென்றால் ஸ்நேரைக் குறையுங்கள்.